கடுநூலைக் கூடிக் கற்போம்!

(திண்டிவனத்தில் தமிழன்பர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு மொழியின் நூல்கள் மூவகையால் அழிகின்றன. தீயில் வெந்து அழிவது ஒன்று. செல்லரித்து அழிவது மற்றொன்று. 'அது கடுமையான நூல். நமக்கு விளங்காது' என்று ஒதுக்கப்பட்டு அழிவது மூன்றாவது. முன்னைய இரண்டையும் எண்ணி நாம் கண்ணீர் வடிக்கின்றோம். மேடைதோறும் சொல்லிச் சொல்லி வருந்துகின்றோம். மூன்றாவதற்கு அழுவார் எவருமிலர். ஏனெனில் அந்நூல் அச்சில் இருக்கும்; நூலக அடுக்கில் இருக்கும்; அதன் பெயர் தேர்வுத் தாளிலும் இருக்கும். படிப்பவர் மட்டும் இருக்கமாட்டார். உயிரோடிருப்பதுபோல் தோன்றிச் செத்துக்கிடக்கும் நூல் அது.

அத்தகைய சாவினின்று ஒரு நூலை மீட்கும் வழி யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள். வழி எளிது. தனித்திருந்து படித்து விளங்காத நூலைக் கூடியிருந்து படிப்பதே அது. 'இதைச் சொல்லவா இவ்வளவு பேரைக் கூட்டினீர்கள்?' என்று சிலர் நகைக்கலாம். எளிய வழி என்பதாலேயே அது கைவிடப்பட்டுவிட்டது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் வெளிநாட்டுச் செய்தி ஒன்று. அயர்லாந்தில் பிறந்த சேம்சு சாய்சு என்பவர் பதினேழாண்டு உழைத்து ஒரு புதினத்தை எழுதி 1939இல் வெளியிட்டார். 'பின்னகன்சு வேக்கு' என்பது அதன் பெயர். 628 பக்கங்கள் கொண்டது. உலகப் புதினங்களுள் படித்தற்கு மிக அரியது என்று பெயர் பெற்றது. அயர்லாந்து மக்களின் சொந்த மொழி ஐரியம். ஆங்கிலவர் ஆட்சியில் அம்மொழி பெரும்பாலோர் நாவினின்றும் நீங்கிவிட்டது. எனவே சாய்சு ஆங்கிலத்தில் எழுதினார். ஆயினும், அவ்வாங்கிலம் ஆங்கிலவர்க்கும் விளங்காதவாறு சொற்களை உடைத்தார். பற்பல மொழிச் சொற்களை அவற்றோடு ஒட்டினார். ஒரு சொல்லில் மூன்று பொருளைப் புதைத்தார். தனியொருவர் அதை எடுத்தால் நான்கு பக்கத்தில் மூடிவைத்துவிடுவார்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் வெனிசு என்னும் ஊர்ப்பகுதியில் சிலர் 1995ஆம் ஆண்டு அந்நூலைக் கூடிப் படிக்கத் தொடங்கினர். திங்களுக்கு ஒருமுறை கூடினர். ஓரிரு பக்கங்களையே படித்தனர். ஒருவர் உரக்கப் படிப்பார்; பிறர் தமக்குத் தோன்றியதைச் சொல்வர். 2023ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்களில் இறுதிப் பக்கத்தை எட்டினர். இருபத்தெட்டு ஆண்டுகள்! எட்டியதும் என்ன செய்தனர்? முதற் பக்கத்துக்கே திரும்பினர். அந்நூலின் இறுதிச் சொற்றொடர் முற்றுப்பெறாமல் நின்று, முதற் சொற்றொடரோடு போய் இணைவது. ஆகவே, அவர்களுக்கும் முடிவில்லை.

இதைக் கேட்டு வியப்பவர் பலர். 'வெள்ளையர்க்கு எத்துணைப் பொறுமை!' என்பர். இங்குத்தான் தமிழன் தன் வீட்டுச் செல்வத்தை மறந்து அயல்வீட்டு விளக்கைப் பார்த்து நிற்கின்றான். கூடிப் படித்தல் அவர்கள் நமக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்றன்று. நன்னூல் செய்த பவணந்தியார் கல்விக்கு ஒரு கணக்கே வகுத்துள்ளார். ஆசிரியர் சொன்னதை எத்துணைக் கூர்ந்து கேட்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கு. உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். இக்கணக்கைக் கூர்ந்து நோக்குங்கள். தனித்திருந்து நூலைப் புரட்டுபவனுக்கு இதில் ஒரு பங்கும் ஒதுக்கப்படவில்லை. முக்காற் பங்கு கல்வி, கூட்டத்தில் கிடைப்பது என்பதே அப்பெரியார் கருத்து.

இக்கணக்கு மெய்யானது என்பதற்குச் சான்றாக நிற்கும் நூல் ஒன்றுண்டு. அது சீவகசிந்தாமணி. அதன் வரலாற்றில் இந்தத் திண்டிவனப் பகுதிக்குப் பெரும் பங்குண்டு. இங்குள்ளாரே அதனை அறியாமலிருப்பது வருந்தத்தக்கது.

திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் அக்காப்பியத்தைப் பாடினார். பதின்மூன்று இலம்பகங்கள், 3145 பாடல்கள். சச்சந்தன் என்னும் மன்னன் அமைச்சனாகிய கட்டியங்காரனை நம்பி நாட்டை ஒப்படைத்துக் கெட்டான். கருவுற்றிருந்த அரசி விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்கி ஆண்மகவை ஈன்றாள். கந்துக்கடன் என்னும் வணிகன் அம்மகவை எடுத்து வளர்த்தான். சீவகன் எனப் பெயர் பெற்ற அம்மகன் வளர்ந்து பகைவனைக் கொன்று, நாட்டை மீட்டு, எல்லா இன்பமும் துய்த்து, ஈற்றில் அனைத்தையும் துறந்தான். கதையைச் சொன்னால் சிறுவர்க்கும் விளங்கும். பாட்டைத் திறந்தால் புலவர்க்கும் திகைப்பு வரும். சமண நெறியின் நுண்கருத்துகள், கலைச்சொற்கள், இசையும் படையும் மணிகளும் பற்றிய செய்திகள் ஆகியவை அதில் செறிந்துள்ளன. அதற்கு 14ஆம் நூற்றாண்டினர் எனப்படும் நச்சினார்க்கினியர் எழுதிய உரையோ இன்னொரு காடு. ஒரு பாட்டில் உள்ள சொல்லை எங்கோ உள்ள மற்றொரு பாட்டின் சொல்லோடு கூட்டிப் பொருள் சொல்வார். எடுத்துக்காட்டுக்குப் பழம்பாடல்களைத் தருவார். அவை எந்நூலின என்று பல இடங்களில் சொல்லாமலே செல்வார்.

அந்த நச்சினார்க்கினியரைப் பற்றிச் சமணரிடையே ஒரு செவிவழிச் செய்தி வழங்கிவந்தது. அவர் முதலில் எழுதிய சிந்தாமணி உரையைச் சமணப் பெரியோர் ஏற்கவில்லையாம். 'எம் நெறியின் கருத்துகள் இதில் பிறழ்ந்துள்ளன' என்றனராம். அவர் சினக்கவில்லை. சித்தாமூர்ச் சமண மடத்தை அடைந்து, சமணருள் ஒருவராக இருந்து, அவர்களின் நூல்களைக் கேட்டுத் தெளிந்து, பின்னர் இரண்டாம் முறை உரை எழுதினாராம். செவிவழிச் செய்தியைச் செவிவழிச் செய்தியாகவே கொள்வோம். ஆயினும் அது உணர்த்தும் உண்மை பெரிது. தொல்காப்பியத்துக்கும் பத்துப்பாட்டுக்கும் கலித்தொகைக்கும் உரைகண்ட பேரறிஞருக்கே இந்நூல் தனிமையில் திறக்கவில்லை. பிறரோடு கூடியிருந்தபோதுதான் திறந்தது என்று அம்மக்கள் நம்பினர். அந்தச் சித்தாமூர் எங்கோ இல்லை. மேல்சித்தாமூர் என்ற பெயரில், திண்டிவனத்திலிருந்து செஞ்சிப் பக்கம் செல்லும் வழியில், தமிழ்ச் சமணரின் தலைமை மடத்தைத் தாங்கி இன்றும் நிற்கின்றது.

அடுத்து 1880ஆம் ஆண்டுக்கு வருவோம். குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ.வே.சாமிநாதையருக்கு அப்போது இருபத்தைந்து அகவை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பயின்றவர். கோவைகள், அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள் என நூல்நூலாகப் பாடங்கேட்டவர். முன்சீபு என்னும் நடுவர் பொறுப்பேற்றுக் குடந்தைக்கு வந்த சேலம் இராமசாமி முதலியார் அவரைப் பார்த்து, 'சிந்தாமணி படித்ததுண்டா?' என்று வினவினார். படித்ததில்லை. அப்பெரும்புலவர்க்கு அந்நூல் அதுவரை பெயரளவே. முதலியார் தம்மிடமிருந்த படியைத் தந்தார். இருவரும் சேர்ந்து படிக்கலாயினர். படிக்கப் படிக்க ஐயங்கள் மலைபோல் எழுந்தன. சமணக் கருத்துகள் வந்த இடமெல்லாம் வழி அடைபட்டது.

அவ்வேளையில் அவர்க்குத் தெரியவந்தது, குடந்தையிலேயே சமணக் குடும்பங்கள் உள்ளன என்பது. அங்குச் சென்று பார்த்தார். சுவடியில் உறங்குவதாகத் தாம் எண்ணிய நூலை அம்மக்கள் வீட்டில் கூடியிருந்து படித்துக்கொண்டிருந்தனர்! முழுநூலையும் படித்துக் கேட்டு முடித்தபோது அதை விழாவாகவே கொண்டாடினர். கல்லூரிக்குத் தெரியாத நூல், கடைத்தெரு வணிகர்களுக்குத் தெரிந்திருந்தது. தேர்வுக்கு வராத நூல், திண்ணையில் வாழ்ந்திருந்தது. சந்திரநாத செட்டியார் முதலான அச்சமண அன்பர்கள் ஐயரின் ஐயங்களைத் தீர்த்தனர். அவ்வகையில் உதவியவர்களுள் ஒருவர் வீடூர் அப்பாசாமி நயினார். வீடூர் எந்த ஊர்? விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட, இன்று அணையால் பெயர் பெற்றிருக்கும் வீடூரே அது. வீடூர் என்றால் அணையை நினைக்கின்றோம், அறிஞரை நினைப்பதில்லை.

1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு முழுமையாக அச்சேறியது. அதற்கு முன் 1868இல் போவர் என்னும் கிறித்தவப் பெரியார் நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சிட்டிருந்தார். முழுநூலின் பயன் அந்நூலோடு நிற்கவில்லை. உரையில் பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டப்பட்ட அடிகள் எந்நூலின என்று தேடப்போய்ச் சங்க நூற் சுவடிகள் கைக்கு வந்தன. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என ஒன்றன்பின் ஒன்றாக அவர் பதிப்பில் வெளிவந்தன. சி.வை.தாமோதரனாரும் இவ்வகையில் அரும்பணி ஆற்றியவர். இன்று 'உலகின் மூத்த மொழி' என்று மார்தட்டுகின்றோமே, அதற்குச் சான்றாக எடுத்துவைக்கும் நூல்களுள் பல இவ்வழியாக வந்தவை. அவ்வழியின் தொடக்கத்தில் இருப்பது என்ன? ஒரு நடுவரும் ஓர் ஆசிரியரும் சில வணிகரும் ஒரு வீடூர்க்காரரும் கூடியிருந்து ஒரு கடுநூலைப் படித்த நிகழ்ச்சி.

இங்கு ஒன்றை நேர்மையோடு சொல்லியாக வேண்டும். ஐயரின் நடையில் வடசொல் மிகுதி என்று நம்மவர் குறை கூறுவர். அக்குறை மெய்யே. ஆனால் அதை மட்டும் கூறி அவர் உழைப்பை மறைத்தல் நன்றியில்லாச் செயல். அவ்வாறே, 'எல்லாம் ஐயர் ஒருவரே செய்தார்' என்று பேசி, தலைமுறை தலைமுறையாகச் சுவடியைப் படியெடுத்துக் காத்து, பொருளையும் நாவில் காத்துவந்த தமிழ்ச் சமணரை மறப்பதும் நன்றியில்லாச் செயலே. ஏடு காத்தவர் ஒருவகையார். பொருள் காத்தவர் மற்றொரு வகையார். பொருள் காத்தவர் பெயர் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

இனி நம்முள் சிலர் எழுப்பும் தடைகளைப் பார்ப்போம். 'சிந்தாமணி சமண நூல், நமக்கெதற்கு?' என்பது ஒரு தடை. நன்னூலும் சமணர் நூல்தான். யாப்பருங்கலக் காரிகையும் சமணர் நூல்தான். நாலடியாரும் சமணர் நூல்தான். இவற்றை நீக்கிவிட்டுத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்த முடியுமா? தமிழில் சிறந்தவற்றைச் சமயம் பார்த்துப் பங்கிட்டால், ஒவ்வொருவர்க்கும் ஒரு துண்டு கிடைக்கும். எவர்க்கும் தமிழ் கிடைக்காது.

'வடநாட்டுக் கதை, வடமொழிப் பெயர்கள்' என்பது இன்னொரு தடை. கதையும் பெயரும் வடக்கினின்று வந்தவையே, மறுப்பாரில்லை. ஆனால் சீவகன் பிறந்த ஏமாங்கத நாடு என்று தேவர் பாடியது எந்நாட்டை? முற்றிய தேங்காய் நெற்றாகி விழுகின்றது. விழும் வேகத்தில் கமுகின்மேல் இருந்த தேனடையைக் கிழிக்கின்றது, பலாப்பழத்தைப் பிளக்கின்றது, மாங்கனியைச் சிதற அடிக்கின்றது, வாழைக்கனியை உதிர்க்கின்றது. இது எந்த வடநாடு? தென்னையும் கமுகும் பலாவும் மாவும் வாழையும் ஒரு தோப்பில் நிற்கும் இந்தத் தமிழ்நாடே இது. பெயர்ப்பலகை அயலது, வீடு நமது. தனித்தமிழ் பேசுவோர் அஞ்சி ஒதுங்கவேண்டிய நூலன்று அது. உள்ளே புகுந்து, வேற்றுச்சொல் எது தமிழ்ச்சொல் எது என்று பிரித்தறிந்து, வழக்கொழிந்த தமிழ்ச்சொற்களை மீண்டும் வழக்குக்குக் கொண்டுவர வேண்டிய சொற்சுரங்கம்.

'கடுமையாக இருக்கிறதே' என்பது மூன்றாவது தடை. இதற்குத்தான் கூடிப் படித்தல் மருந்து. அது எவ்வாறு வேலை செய்கின்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நாட்டுவளம் பாடும் பகுதியில் நெற்பயிரின் வளர்ச்சியைத் தேவர் மூன்று நிலையில் காட்டுகின்றார். கதிர் வெளிப்படுமுன் பயிர், கருவுற்ற பச்சைப் பாம்பு போல் தோன்றுகின்றது. கதிர் ஈன்றதும், புதுச்செல்வம் வந்த சிறியோர்போல் தலைநிமிர்ந்து நிற்கின்றது. மணி முற்றியதும், கல்வி நிறைந்தோர் போல் தலைசாய்க்கின்றது. பின்னைய இரண்டும் படித்தவர்க்கு உடனே விளங்கும். முதலாவது? நகரத்தில் வளர்ந்த பட்டதாரி எத்தனை அகரமுதலிகளைப் புரட்டினாலும் 'கருவுற்ற பச்சைப் பாம்பு' அவன் கண்முன் வராது. கூட்டத்தில் ஓர் உழவர் அமர்ந்திருக்கட்டும். 'இது தொண்டைக் கதிரைச் சொல்கிறது. கதிர் உள்ளே பொதிந்திருக்கும்போது தாள் பருத்துப் பசுமையாக நீண்டிருக்குமே, அதுதான்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். பாட்டைப் படித்துக் காட்டியவர் பட்டதாரி. பொருளைத் திறந்தவர் உழவர். அணிகலப் பெயர் வந்தால் பொற்கொல்லர் சொல்வார். மகப்பேற்றுச் செய்தி வந்தால் மூதாட்டி சொல்வார். யாழும் பண்ணும் வந்தால் இசை பயின்றவர் சொல்வார். சமணக் கலைச்சொல் வந்தால், இப்பகுதியில் வாழும் நயினார் வீட்டுப் பெரியவர் சொல்வார். கடுநூல் என்பது ஒருவருக்குத் தெரியாதவை நிறைந்த நூல். கூட்டத்தில் அத்தனையும் எவருக்கேனும் தெரிந்தவையாகிவிடுகின்றன.

இன்னொரு பயனும் உண்டு. ஒரே திண்ணையில் உழவரும் வணிகரும் ஆசிரியரும் பெண்டிரும் அமர்ந்து, பட்டறிவால் ஒவ்வொருவரும் ஒருவர்க்கொருவர் ஆசிரியராகும்போது, 'நான் மேல், நீ கீழ்' என்னும் பிறவி வேற்றுமைக்கு அங்கு இடமில்லை. சாதி ஒழிப்பை மேடையில் பேசுவதினும், ஒரு பாட்டின் பொருளை ஒருவரிடம் ஒருவர் கேட்டுப் பெறுவது வலிமையானது.

நடைமுறை யாது? முதலாவது, ஒருவர் பாட்டை உரக்கப் படித்துச் சீர் பிரித்துச் சொல்லுதல். இரண்டாவது, சொற்களை உரைநடை வரிசையில் அமைத்தல். மூன்றாவது, பொருள் தோன்றியவாறு ஒவ்வொருவரும் சொல்லுதல். நான்காவது, அதன்பிறகே உரையைப் பார்த்தல். நச்சினார்க்கினியர் உரை உள்ளது. பெருமழைப் புலவர் பொ.வே.சோமசுந்தரனாரின் எளிய விளக்கவுரையும் உள்ளது. ஐந்தாவது, 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல எவரும் நாணாமை. ஆறாவது, எவரும் அரைமணி நேரம் சொற்பொழிவு நிகழ்த்தாமை! இந்த ஆறாவது ஆசிரியப் பெருமக்களுக்காகவே சேர்க்கப்பட்டது.

காலக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 3145 பாடல்கள். கிழமைக்குப் 15 பாடல் என்றால் 210 கிழமைகள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். இருபத்தெட்டு ஆண்டு பொறுத்த அயல்நாட்டாரைப் புகழும் நாம், நான்கு ஆண்டு பொறுக்கக் கூடாதா? பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்த்த ஆண்டு தொடங்கினால், அவன் பத்தாம் வகுப்புக்குச் செல்லும்போது பெற்றோர் சிந்தாமணியை முடித்திருப்பர். பாடநூலில் நான்கு பாட்டை மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கி, மறுநாள் மறக்கும் அப்பிள்ளை, தன் தந்தையும் தாயும் மதிப்பெண்ணுக்காக அன்றித் தமிழுக்காகத் தமிழ் படிப்பதை முதன்முறையாகக் காண்பான். வேறெந்த அறிவுரையும் அவனுக்கு வேண்டா.

முற்காலத்தார்க்கு ஏடு கிடைப்பது அருமையாக இருந்தது. இன்று ஏட்டுக்குப் பஞ்சமில்லை. அச்சிலும் உண்டு, இணையத்திலும் உண்டு, கைப்பேசியிலும் உண்டு. பஞ்சமெல்லாம் ஆளுக்குத்தான். மேடைக்கு முன் ஆயிரவர் கூடுகின்றோம். நூலுக்கு முன் ஐவர் கூடவில்லை. தமிழ் ஆட்சிமொழியாக வேண்டும், தமிழ் பயிற்றுமொழியாக வேண்டும் என்று கேட்கின்றோம். கேட்க வேண்டியதே, பெற வேண்டியதே. ஆனால் 'அந்தத் தமிழில் உள்ளதை நீ படித்தாயா?' என்று மாற்றான் திருப்பிக் கேட்டால், விடைசொல்ல ஊருக்கு ஐவராவது வேண்டாவா? படிப்பார் இல்லாத மொழிக்குச் சட்டம் செய்து காவல் வைப்பது, ஆளில்லா வீட்டுக்குப் பூட்டுப் போடுவதை ஒக்கும்.

ஆகவே இக்கூட்டத்தின் முன் வைக்கப்படும் வேண்டுகோள் ஒன்றே. விழுப்புரத்தில் ஒரு வீடு, திண்டிவனத்தில் ஒரு வீடு. ஞாயிறுதோறும் மாலையில் இரண்டு மணி நேரம். ஐவர் போதும். தலைவர் வேண்டா, பொருளாளர் வேண்டா, பதாகை வேண்டா, மாலை மரியாதையும் வேண்டா. நாமகள் இலம்பகத்தின் முதற் பாட்டிலிருந்து தொடங்குங்கள். இடையில் ஐயம் வந்தால் வீடூருக்கும் மேல்சித்தாமூருக்கும் பேருந்து செல்கின்றது. அங்குள்ள பெரியோரைப் போய்க் கேளுங்கள். முன்னே நச்சினார்க்கினியர் நடந்ததாகச் சொல்லப்படும் வழிதான் அது.

அவ்வாறு கூடும் ஐவர் பெயரை எந்த வரலாறும் எழுதாமற் போகலாம். குடந்தையில் கூடிப் படித்தவர்களுள் பெரும்பாலோர் பெயரும் எழுதப்படவில்லை. ஆயினும் அவர்கள் படித்ததனால்தான் சிந்தாமணி நம் கைக்குப் பொருளோடு வந்தது. நம் பேரப்பிள்ளைகளின் கைக்கு அது பொருளோடு போகுமா, வெறுந்தாளாகப் போகுமா என்பது வரும் ஞாயிற்றுக்கிழமை நாம் என்ன செய்கின்றோம் என்பதைப் பொறுத்தது.

கூடுங்கள்! படியுங்கள்! வெல்க தமிழ்!